காலையில் மாறும் ஸ்க்ரீன்: சர்வீஸ் பழகும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்தால் இரண்டு விதக் கூட்டம் வரும். ரயிலில் காலேஜ் போகிற பிள்ளைகள் ஒரு பக்கம்; பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து பை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். பையைத் திறந்தால் பெரும்பாலும் அரசு கொடுத்த லேப்டாப்தான் இருக்கும். அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த மெஷின்களை அக்காவுக்குப் பிறகு தம்பி, தம்பிக்குப் பிறகு சித்தப்பா பையன் என்று இன்னும் ஓட்டுகிற வீடுகள் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். இனி புது மெஷின்களும் நம் மேஜைக்கு வரும்.

பழசோ புதுசோ, ஒரு புகார் மட்டும் மாறுவதில்லை. "நைட்டு எல்லாம் சரி பண்ணி வெச்சேண்ணா. காலைல ஆன் பண்ணா ஸ்க்ரீன் மறுபடி மாறிடுது." எழுத்து பெரிதாகிவிடும், படம் இழுபட்டுத் தெரியும், வெளிச்சம் குறையும், வெள்ளை மஞ்சளாகும். இதைக் கேட்டவுடன் "ஓஎஸ் போட்டுடலாம்" என்று சொல்கிற பழக்கம் நம் தொழிலில் வேர்விட்டுவிட்டது. அதைப் பிடுங்கத்தான் இதை எழுதுகிறேன். தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும் பொது.

1. தொடுவதற்கு முன் கேள்.

எப்போதிலிருந்து மாறுகிறது? அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது? டிவியில் மாட்டிப் படம் பார்த்தீர்களா? அப்டேட் ஓடியதா? கேம் ஏற்றினீர்களா? மெஷினை ஷட்டவுன் செய்வீர்களா, மூடியை மட்டும் மூடி வைப்பீர்களா? அம்மாவிடம் கேட்டால் "ஒன்னும் பண்ணலப்பா" என்பார். பக்கத்தில் நிற்கிற சின்னப் பையனிடம் கேள், உண்மை வந்துவிடும். ஆனால் அவனை மாட்டிவிடுகிற மாதிரி கேட்காதே. அடுத்த முறை வாயே திறக்கமாட்டான்.

2. எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று உட்கார்ந்து பார்.

இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உங்களுக்குத் தெரியும். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். லேப்டாப் ஆன் ஆகும்போதும் ஸ்க்ரீனுக்கு இப்படி முறை உண்டு. முதல் முறை பயாஸுடையது, கம்பெனி லோகோ தெரிகிற நேரம். அடுத்தது விண்டோஸ் எழுந்திருக்கிற நேரம், புள்ளிகள் வட்டம் சுற்றும். மூன்றாவது லாக் ஸ்க்ரீன், அப்போது கிராபிக்ஸ் டிரைவர் வேலைக்கு வந்திருக்கும். நான்காவது, பாஸ்வேர்டு போட்ட பிறகு அந்த அக்கவுண்டின் செட்டிங்கும் ஸ்டார்ட்அப் புரோகிராம்களும் வருகிற நேரம்.

லோகோவிலேயே கோடு விழுகிறது, நடுங்குகிறது, பாதி இருட்டு என்றால் பேனலையோ அதற்குப் போகிற கேபிளையோ பார். லோகோ மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், பல மெஷினில் அது இயல்பு. லாக் ஸ்க்ரீனிலேயே எல்லாம் ஊதிப்போய்த் தெரிந்தால் டிரைவர் மேல் சந்தேகப்படு. லாக் ஸ்க்ரீன் நன்றாக இருந்து, டெஸ்க்டாப் வந்த சில நொடியில் கண்ணெதிரே ஒரு முறை கறுத்து மாறினால், கடைசியாக வந்த ஏதோ ஒரு புரோகிராம்தான் மாற்றுகிறது. சந்தேகம் தீரவில்லையா? புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு நுழைந்து பார். அதில் சரியாக இருந்தால் மெஷினில் குறை இல்லை, பழைய அக்கவுண்டில்தான் குறை.

3. "மாறுது" என்ற சொல்லைப் பிரித்துப் பார்.

வாடிக்கையாளருக்கு எல்லாமே "ஸ்க்ரீன் மாறுது"தான். நமக்கு ரெசல்யூஷன் வேறு, ஸ்கேலிங் வேறு, பிரைட்னஸ் வேறு, நிறம் வேறு, திருப்பம் வேறு. எல்சிடி பேனலில் புள்ளிகள் எண்ணி வைத்தவை. பழைய மெஷின்களில் 1366க்கு 768, புதியவற்றில் 1920க்கு 1080 என்பது வழக்கம். அந்த அளவைத் தவிர வேறு எதை வைத்தாலும் எழுத்து கலங்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பதுதான் அந்த அளவு. எழுத்து பெரிதாக இருந்தும் ஊசி முனை மாதிரி தெளிவாக இருந்தால் ரெசல்யூஷன் சரி; 100, 125, 150 என்று இருக்கும் ஸ்கேலிங்தான் மாறியிருக்கிறது. பெரிதாகவும் கலங்கியும் இருந்தால் ரெசல்யூஷன் விழுந்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பழகிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

4. ரீஸ்டார்ட் வேறு, ஷட்டவுன் வேறு.

பிள்ளைகள் நம்ப மறுப்பது இதைத்தான். விண்டோஸ் 8 வந்த 2012லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் முழுதாக அணைவதில்லை. டிரைவர்கள் இருந்த நிலையை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை அதையே எடுத்து விரிக்கிறது. நேற்றைய கோளாறும் அதோடு சேர்ந்து விரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து ஏறும்.

ஆகவே இரண்டையும் செய்து பார். ரீஸ்டார்ட்டில் சரியாக இருந்து, ஷட்டவுன் செய்து ஆன் செய்யும்போது மட்டும் மாறினால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போ. பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று தேர்வு செய்கிற பக்கத்தைத் திற. மேலே, இப்போது மாற்ற முடியாத செட்டிங்கை மாற்று என்ற வரியை அழுத்து. கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் அந்த ஒரு தடவைக்கு முழுதாக அணையும். வாடிக்கையாளர் எதிரிலேயே செய்து காட்ட அது நல்ல வழி.

5. டிரைவரின் பெயரைப் படி.

ஸ்டார்ட் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திற, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் விரி. இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சிப்பின் பெயர் இருக்கவேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவர் ஏறவில்லை, விண்டோஸ் தன்னிடம் இருக்கிற மாற்று டிரைவரை வைத்து ஓட்டுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் 7ல் இது 'ஸ்டாண்டர்டு விஜிஏ' என்ற பெயரில் இருக்கும். இந்த நிலையில் பிரைட்னஸ் கூட்டும் குமிழே காணாமல் போகலாம். டிஸ்ப்ளே செட்டிங்கில் எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போட்டு இறக்கு. "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் ஏற்றுகிறேன்" என்று வருகிற சாஃப்ட்வேர்களைக் கடைக்குள் விடாதே. தப்பான டிரைவரை ஏற்றிவிட்டு, கூடவே விளம்பரத்தையும் குடியேற்றிவிட்டுப் போகும்.

6. அப்டேட்டை விசாரி.

நீ ஏற்றிய டிரைவர் மேல் விண்டோஸ் அப்டேட் தன்னுடையதைப் போட்டு மூடுவது உண்டு. அப்டேட் ஹிஸ்டரியில் தேதியைப் பார். புகார் தொடங்கிய நாளோடு பொருந்தினால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்து. அந்தப் பட்டன் மங்கி இருந்தால் கம்பெனி டிரைவரை மறுபடி ஏற்று.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்தியது. அதனால் பழைய மெஷினில் விண்டோஸ் 11ஐ வம்படியாக ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காலத்துச் சிப்புக்கு 11க்கான டிரைவரைக் கம்பெனி எழுதியே இருக்காது. அங்கே ஸ்க்ரீன் நிலையாக நிற்காவிட்டால் ஆச்சரியப்படாதே, நேராகச் சொல்லிவிடு.

7. எம்எஸ்கான்ஃபிக்கை ஒரு பார்வை பார்.

யாரோ ஒரு காலத்தில் வேறு எதையோ சரி செய்யப் போய் டிக் போட்டுவிட்டு, எடுக்க மறந்திருப்பார்கள். விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட் பக்கத்துக்குப் போ. 'சேஃப் பூட்' டிக் இருந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடில்தான் எழும். நான்கு மூலையிலும் அந்தப் பெயர் தெரியும், கண்டுபிடிப்பது சுலபம். 'பேஸ் வீடியோ' டிக் இருந்தால் மூலையில் ஒன்றும் தெரியாது, ரெசல்யூஷன் மட்டும் தினமும் விழும். டிரைவரை மாற்றி மாற்றி ஏற்றிச் சலித்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தச் சின்ன டிக்கில்தான்.

8. ஸ்டார்ட்அப் கூட்டத்தைப் பாதி பாதியாகக் கலை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். ஸ்டார்ட்அப் பட்டியலில் வைரஸ் ஸ்கேனரை விட்டுவிட்டு, பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய். சரியானால் நிறுத்திய பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மிச்சப் பாதியில். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் ஆள் அகப்படுவான். முதலில் சந்தேகப்படவேண்டியது கிராபிக்ஸ் கம்பெனியின் கன்ட்ரோல் பேனல், கண்ணுக்கு இதமாக நிறம் மாற்றும் சாஃப்ட்வேர், கலர் புரொஃபைல் ஏற்றும் சாஃப்ட்வேர்.

பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோ கேமோ ஸ்டார்ட்அப்பில் இருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி பார். 640க்கு 480ல் ஓட்டு என்று அங்கே ஒரு டிக் இருக்கலாம். அது திறக்கும்போது மொத்த ஸ்க்ரீனையும் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

9. வெளியே மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பார்.

மானிட்டர், டிவி, புரொஜெக்டர், மாற்றுக் கனெக்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு முறை ஆன் செய். சரியாக வந்தால் மாட்டியதில்தான் விஷயம். விண்டோஸ் கீயும் பியும் (P) அழுத்தி எந்த ஸ்க்ரீனுக்கு அனுப்புகிறது என்று பார்.

ஒவ்வொரு மானிட்டரும் தன் பெயரையும் அளவையும் கேபிள் வழியே லேப்டாப்பிடம் சொல்கிறது. விஜிஏ கேபிளின் 15 பின்னில் 12ம் 15ம் அந்தப் பேச்சுக்கானவை. அவை பேசாவிட்டால் மானிட்டர் யாரென்று தெரியாமல் விண்டோஸ் 1024க்கு 768 போன்ற பொது அளவுக்கு இறங்கிவிடும். ஏரிப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற கேபிளை லென்ஸ் வைத்துப் பார். பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும், உப்புக்காற்றின் வேலை அது. சில கேபிளில் ஒரு பின் பக்கவாட்டில் படுத்திருக்கும், ஓங்கிச் சொருகியதின் அடையாளம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் காயவிட்டு மறுபடி மாட்டு. அப்படியும் பேசாவிட்டால் கேபிளை மாற்று.

10. தேதியைப் பார்.

வலது ஓரத்தில் தேதி சில வருடம் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல லேப்டாப்பில் அது சிஆர்2032. அது தீர்ந்தால் பயாஸில் வைத்த செட்டிங் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். எந்த கிராபிக்ஸ் சிப்பை முதலில் எடுப்பது என்பதும் அதில் அடக்கம். கடிகாரம் தப்பானால், பொழுது சாய்ந்தால் ஸ்க்ரீனை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' பட்டப்பகலில் வந்து உட்காரும். புதிய பேட்டரி மீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.5 பக்கம் இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்று. மலிவான சாமான்தான்.

11. வெளிச்சம் மட்டும் குறைந்தால் சார்ஜரைப் பார்.

கரண்டில் ஒரு பிரைட்னஸ், பேட்டரியில் ஒரு பிரைட்னஸ் என்று மெஷின் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். ராத்திரி சார்ஜரோடு சரி செய்துவிட்டு, காலையில் சார்ஜர் இல்லாமல் ஆன் செய்தால் குறையத்தான் செய்யும். பேட்டரி சேவர் தானாக வந்தாலும் வெளிச்சத்தை இறக்கும். படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதி விண்டோஸிலும் இருக்கலாம், கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலிலும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் பார்.

12. கை பட்டு மாறியதை நோய் என்று நினைக்காதே.

பழைய இன்டெல் டிரைவர்களில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறி அழுத்தினால் ஸ்க்ரீன் சாயும், தலைகீழாகும். அதே இரண்டோடு மேல் அம்பு அழுத்து, நேராகும். மேக்னிஃபையர் லாகின் ஆனதும் தானாகத் திறக்கும்படி டிக் இருந்தால் தினமும் ஸ்க்ரீன் பெரிதாகவே வரும். விண்டோஸ் கீயோடு எஸ்கேப் அழுத்தி மூடிவிட்டு அந்த டிக்கை எடு. ஸ்க்ரீன் திடீரென்று கறுத்து உறைந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்து. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி எழும்.

13. லினக்ஸைக் கண்டு ஓடாதே.

அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஜினோம் டெஸ்க்டாப் தன் டிஸ்ப்ளே செட்டிங்கை அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில், கான்ஃபிக் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ஒரு மானிட்டர்ஸ் ஃபைலில் வைத்திருக்கும். அதை எழுதும் உரிமை போயிருந்தாலோ ஃபைல் கெட்டிருந்தாலோ ஒவ்வொரு லாகினிலும் பழையபடி ஆகும். அந்த ஃபைலுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, செட்டிங்கை மறுபடி வைத்துப் பார். டெர்மினலில் எக்ஸ்ராண்டர் கட்டளை கொடுத்து மாற்றினால் அது அன்றைக்கு மட்டும்தான், ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். எப்போதுமே குறைந்த ரெசல்யூஷனில் நின்றால் பூட் வரியில் 'நோமோட்செட்' என்று யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று பார்.

14. மாற்ற முடியாததை மாற்றுகிறேன் என்று காசு வாங்காதே.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பர் மாற்றும் வசதியை மைக்ரோசாஃப்டே தரவில்லை. ஒரு டெஸ்க்டாப்பை இரண்டு ஸ்க்ரீனில் விரிக்கவும் அது விடாது. அது கோளாறு இல்லை, பதிப்பின் எல்லை. அதேபோல ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் அந்த ஆபீஸின் பாலிசி ஒவ்வொரு லாகினிலும் செட்டிங்கைத் திருப்பி வைக்கும். "உங்க ஆபீஸ் ஐடி ஆளைக் கேளுங்க சார்" என்று அனுப்பிவிடு.

15. மூடியை மெதுவாக அசைத்துப் பார்.

ஆன் ஆகும் நேரத்தில்தான் மூடியைத் திறந்து சரி செய்கிறோம். கீல் வழியே போகிற டிஸ்ப்ளே கேபிள் நைந்திருந்தால் அந்த அசைவில்தான் நிறம் மாறும், கோடு விழும். வாடிக்கையாளர் அதை ஸ்டார்ட்அப் கோளாறு என்று நம்புவார். முப்பது டிகிரி முன்னும் பின்னும் அசைத்துப் பார். வெளி மானிட்டரில் மாட்டியும் பார். வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் கெட்டால், சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடு.

16. பார்மட் கடைசி.

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்து, சிஸ்டம் ரிஸ்டோரும் கைகொடுக்காத பிறகுதான் பார்மட் பேச்சு. அதற்கு முன்னால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து திறந்து பார். மீனவர் அட்டை, படகுப் பேப்பர், பிள்ளையின் மார்க் ஷீட் ஸ்கேன், செத்துப்போன தாத்தாவின் ஒரே போட்டோ எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கையில் காசு புரளாத வீடுகள் நம் பக்கம் நிறைய. ஒரு டிக் எடுத்துவிட்டு ஓஎஸ் போட்ட காசு வாங்குகிறவன் ஒரு முறை பிழைப்பான். ஊருக்குள் பேச்சு பரவினால் அதோடு சரி.

17. செய்ததை எழுதிக் கொடு.

எந்த டிக்கை எடுத்தாய், எந்த டிரைவர் ஏற்றினாய் என்று பில்லின் பின்பக்கம் இரண்டு வரி தமிழில் எழுது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய். செய்தபின் ஷட்டவுனிலும் பார், ரீஸ்டார்ட்டிலும் பார். மூன்று மாதம் கழித்து அதே மெஷின் வந்தால் அந்த இரண்டு வரி உனக்கே உதவும்.

ஸ்க்ரீன் தானாக மாறுவதே இல்லை. ஏதோ ஒன்று மாற்றுகிறது. அது எது என்று வாடிக்கையாளருக்குப் பெயர் சொல்லிக் காட்டத் தெரியாதவரை பார்மட் பென்டிரைவைத் தொடாதீர்கள். தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.